கரமாஸவ் சகோதரர்களை நாம் படிக்கலாமா?

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காரிமங்கலத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகள் அவ்வூர் அரசு மகளிர் கல்லூரியில் பயில்பவர். அவர் கையில் கனத்த புத்தகம் ஒன்று இருந்தது. ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி எழுதி, கவிஞர் புவியரசு தமிழாக்கிய ‘கரமாஸவ் சகோதரர்கள்’.

“ஐயா, இதைப் படிக்கலாமா என்று கேட்டுப் போகத்தான் வந்தோம்” என்றார் தந்தை. “ஆரம்பிப்பாள், தெரியும். முடிப்பாளா என்றுதான் தெரியவில்லை. அதோடு, நம் திருச்சபையை இதில் ஏசியிருக்கிறதாகவும் சொல்கிறார்கள்.”

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அதைவிட எனக்கு வேறொரு பயம் ஐயா. இதைப் படித்த ஒருவர், பாதியிலேயே தமக்குக் கடவுள் நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது என்று சொன்னார்.”

அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இளமையில் ஒருமுறை, நடுவயதில் ஒருமுறை என இருமுறை படித்த நூல்தான். எனினும் ஓர் இளம்பெண்ணின் விசுவாசத்தைப் பற்றிய கேள்விக்கு நினைவிலிருந்து பதில் சொல்வது முறையாகாது என்று தோன்றியது. “உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு சொல்கிறேனம்மா” என்றேன். வீடு திரும்பி மூன்றாம் முறையாக நூலைத் திறந்தேன். இக்கட்டுரை அவர்களுக்கு நான் கடன்பட்ட பதில். இதே ஐயம் வேறு இல்லங்களிலும் இருக்கலாம் என்பதால் இவ்விதழில் எழுதுகிறேன்.

நம் கத்தோலிக்க இல்லங்களுக்கு ருஷ்ய நாவல்கள் அந்நியமாகிப் போனதற்கு ஒரு வரலாற்றுக் காரணமுண்டு. அவை நம்மூர்களுக்கு வந்த வழி அத்தகையது. மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, மிகக் குறைந்த விலையில், நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தார் விற்ற நூல்களாக அவை வந்தன. ரா. கிருஷ்ணையாவின் தமிழில் டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ முதலியன அவ்வாறு வந்தவையே. கடவுளை மறுத்த அரசு அச்சிட்டு அனுப்பிய நூல் என்பதால் நம்மவர் பலர் அவற்றைத் தொடத் தயங்கினர். சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்துபோயிற்று. தயக்கம் மட்டும் அலமாரிகளில் தங்கிவிட்டது. டால்ஸ்டாயின் அந்த நாவலோ நற்செய்தி வசனங்களை முகப்பில் தாங்கித் தொடங்குவது. ‘கரமாஸவ் சகோதரர்கள்’ நூலின் முகப்பிலும் யோவான் நற்செய்தி பன்னிரண்டாம் அதிகாரத்துக் கோதுமை மணியின் வசனமே நிற்கிறது. மண்ணில் விழுந்து மடியாத மணி தனித்தே கிடக்கும். மடிந்த மணியோ மிகுந்த பலன் தரும் என்னும் ஆண்டவரின் வாக்கு. அதே வசனம் பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிரியரின் கல்லறையிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் நற்செய்தியைக் கற்ற இடம் சிறைச்சாலை. அரசுக்கு எதிரான குழுவில் சேர்ந்ததற்காக 1849-இல் கைதானார். அவ்வாண்டு டிசம்பரில் சுட்டுக்கொல்வதற்கென நிறுத்தப்பட்டு, இறுதிக் கணத்தில் தண்டனை குறைக்கப்பட்டது. சைபீரியாவுக்குப் போகும் வழியில், நாடுகடத்தப்பட்டோரின் மனைவியர் சிலர் அவருக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தனர். நான்கு ஆண்டுச் சிறைவாசத்தில் அவருக்குத் துணையாய் இருந்த அந்த நூலை அவர் இறுதிவரை வைத்திருந்தார். 1878 மே மாதத்தில் மூன்று வயது நிறையாத அவருடைய மகன் அல்யோஷா வலிப்பு நோயால் இறந்தான். தந்தையிடமிருந்தே அந்நோய் பிள்ளைக்கு வந்திருந்தது. அந்தத் துயரோடு ஓப்தினா மடத்துக்குப் போய், அம்புரோஸ் என்னும் முதுதுறவியைக் கண்டு திரும்பினார். அதன்பின் எழுதியதே இந்நாவல். 1879 ஜனவரி முதல் 1880 நவம்பர் வரை ஒரு மாத இதழில் பகுதி பகுதியாக வெளிவந்தது. முடித்த மூன்று மாதங்களுக்குள், 1881 பிப்ரவரியில், அவர் காலமானார். இழந்த மகனின் பெயரையே தம் நாவலின் மிக அன்பான பாத்திரத்துக்கு அவர் வைத்திருக்கிறார்.

இனி ஐயங்களுக்கு வருவோம்.

முதல் ஐயம் நீளம். நீளத்தைக் கண்டு அஞ்சும் வழக்கம் நம் மண்ணுக்குரியதன்று. தருமபுரிச் சீமையில் ஊருக்கு ஊர் மகாபாரத விழா நடக்கும். பதினெட்டு நாள் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளம். அங்கேயும் கதை சகோதரர்களைப் பற்றியதுதான். தகப்பன் செய்த பிழையும், பங்குச் சொத்தும், அவமானப்பட்ட ஒரு பெண்ணும், எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டிய ஒரு பழியும்தான். எழுத்தறியாப் பாட்டிமார்கூட அதைக் கேட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்பதைத் தடையின்றிச் சொல்வர். நம் மரபிலும் வீரமாமுனிவர் சூசையப்பரின் வரலாற்றை 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’யாகப் பாடியிருக்கிறார். ஆகவே நீளமான கதை நமக்குப் புதிதல்ல. அதற்கென நேரம் ஒதுக்கும் வழக்கத்தைத்தான் இழந்துவிட்டோம்.

பெயர்க் குழப்பமும் அவ்வாறே. ஒரே மனிதன் திமித்ரி என்றும், மீத்யா என்றும், தந்தை பெயரோடு சேர்த்து வேறொரு விதமாகவும் அழைக்கப்படுவது புதிய வாசகரை மிரட்டும். நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். திருமுழுக்கு ஏட்டில் பவுல், பாட்டி வாயில் சின்னப்பன், பள்ளிப் பதிவேட்டில் வேறொன்று. ராயப்பனும் பேதுருவும் ஒருவரே, அருளப்பனும் யோவானும் ஒருவரே, சூசையும் யோசேப்பும் ஒருவரே என்று பிறந்தது முதல் அறிந்தவர்களுக்கு மீத்யாவும் திமித்ரியும் ஒருவனே என்று அறிய ஓர் அத்தியாயம் போதும்.

இரண்டாம் ஐயம், தந்தை எழுப்பியது. இதில் நம் திருச்சபையை ஏசியிருக்கிறதா? ஆம், ஏசியிருக்கிறது. மழுப்ப வேண்டியதில்லை. தஸ்தயேவ்ஸ்கிக்கு உரோமைத் திருச்சபையின்மேல் நல்லெண்ணம் இல்லை. ‘அசடன்’ நாவலில் அதன் நாயகன் வழியாகவும், தம் கட்டுரைகளிலும் அதனைக் கடுமையாகத் தாக்கியவர். இந்நாவலில் ‘மாபெரும் விசாரணையதிகாரி’ என்னும் அத்தியாயம் உலகப் புகழ் பெற்றது. கதை இது: பதினாறாம் நூற்றாண்டில், மக்களை எரியூட்டிய விசாரணை மன்றத்தின் காலத்தில், செவில் நகருக்குக் கிறிஸ்து திரும்பி வருகிறார். இறந்த சிறுமி ஒருத்தியை உயிர்ப்பிக்கிறார். தொண்ணூறு வயதான கர்தினால் ஒருவர் அவரைக் கைதுசெய்கிறார். இரவில் சிறைக்கு வந்து அவரோடு வாதிடுகிறார். பாலைவனத்தில் அலகை காட்டிய மூன்று சோதனைகளையும் நீர் மறுத்தீர். அதனால் மனிதனால் தாங்கமுடியாத சுதந்திரத்தை அவன் தலையில் ஏற்றினீர். நாங்கள் அப்பத்தையும் அற்புதத்தையும் அதிகாரத்தையும் கொடுத்து உம் வேலையைத் திருத்தியிருக்கிறோம் என்பது அவர் வாதம். கைதி ஒரு சொல்லும் பேசுவதில்லை. எழுந்து சென்று அந்த முதியவரின் வெளிறிய உதடுகளில் முத்தமிடுகிறார். முதியவர் கதவைத் திறந்து, இனி வரவே வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்.

கர்தினாலுக்கு ஆசிரியர் கொடுத்த அங்கி நம்முடையது. வரலாற்று நோக்கில் அது நேர்மையற்ற தாக்குதல் என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. ஆனால் அந்த அங்கியைக் கழற்றிவிட்டுச் சோதனையை மட்டும் பாருங்கள். அப்பத்தைக் கொடுத்துச் சுதந்திரத்தை வாங்கிக்கொள்ளும் சோதனை எந்த நூற்றாண்டில், எந்தச் சபையில் இல்லை?

தஸ்தயேவ்ஸ்கி இந்நாவலைக் கருக்கொண்ட அதே 1876-78 ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அஞ்சிச் சொன்னது அதுவே. தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. சேலம் அப்பஞ்சத்தில் பெரிதும் அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. அந்நாட்களில் கிறிஸ்தவ மறைபணியாளர்கள் கஞ்சித்தொட்டி வைத்தார்கள், அநாதைகளை எடுத்து வளர்த்தார்கள். திருமுழுக்குப் பெற்றவர்களும் பெருகினார்கள். சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்னும் ஏளனம் அப்போது பிறந்து இன்றுவரை தொடர்கிறது. ஏளனம் செய்தவருக்குப் பசியைத் தெரியாது. பசித்தவனுக்குச் சோறிடுவது ஆண்டவரின் கட்டளை, அதில் வெட்கமில்லை. ஆனால் சோறிட்ட கை, உண்டவனிடம் எதைத் திருப்பிக் கேட்டது? நன்றியையா, கீழ்ப்படிதலையா, அல்லது எதையுமே கேட்கவில்லையா? பள்ளியும் மருத்துவமனையும் விடுதியும் நடத்தும் நாம், அவற்றில் ஊழியம் செய்யும் நாம், இக்கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? அந்தக் கிழக் கர்தினால் அதைக் கேட்க வைக்கிறார். பகைவன் வாயிலாகவும் இறைவன் தம் மக்களோடு பேசுவார் என்பதை இறைவாக்கினர் நூல்களை வாசிப்போர் அறிவர்.

திருச்சபையின் தடைநூற் பட்டியல் 1966-லேயே சட்டவலிமை இழந்துவிட்டது. அதற்குப்பின் திருத்தந்தையரே இந்த ஆசிரியரைத் தம் மடல்களில் மேற்கோளாகக் கொண்டுள்ளனர். பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இறுதித் தீர்ப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘கரமாஸவ் சகோதரர்கள்’ நூலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இறையருள் நீதியை அழித்துவிடுவதில்லை. கொடியவரும் அவரிடம் துன்புற்றவரும் ஒன்றுமே நடவாததுபோல் விண்ணக விருந்தில் அருகருகே அமர்ந்துவிட முடியாது என்பதற்கு அவர் துணைக்கழைக்கும் எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் விசுவாசம் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில் ‘அசடன்’ நாவலை எடுத்தாண்டார். 2024-இல் இலக்கிய வாசிப்பின் தேவையைப் பற்றித் தனி மடலே வரைந்தார். குருமாணவருக்கென்று நினைத்துத் தொடங்கி, பிறகு கிறிஸ்தவர் அனைவருக்குமென்று அதனை விரித்ததாக அவரே அதில் சொல்கிறார். ஆகவே தந்தையின் ஐயத்துக்கு என் பதில்: ஏச்சு இருக்கிறது, அது இருப்பதற்காகவே நாம் படிக்கவேண்டும்.

மூன்றாம் ஐயம் மகளுடையது. இதுவே கனமானது.

விசாரணையதிகாரியின் கதையைச் சொல்பவன் இவான், கரமாஸவ் வீட்டின் இரண்டாம் மகன், படித்தவன். அதைச் சொல்வதற்கு முன் தன் தம்பி அல்யோஷாவிடம் அவன் ஒரு வழக்குத் தொடுக்கிறான். அல்யோஷா மடத்தில் சேர்ந்திருக்கும் இளைஞன். இவான் செய்தித்தாள்களிலிருந்து குழந்தைகளின் துயரங்களைத் திரட்டி வைத்திருக்கிறான். நாயின் காலில் தவறிக் கல்லெறிந்த எட்டு வயதுச் சிறுவனைத் தாயின் கண்முன்னே வேட்டைநாய்களுக்கு இரையாக்கிய தளபதி. ஐந்து வயது மகளைப் பனியிரவு முழுதும் கழிப்பறையில் பூட்டி வைத்த பெற்றோர். இவான் கடவுளை மறுக்கவில்லை. இறுதியில் எல்லாம் இசைந்து நன்மையாக முடியும் என்பதையும் மறுக்கவில்லை. அந்த நன்மையின் விலை ஒரு குழந்தையின் கண்ணீர் என்றால், அப்படிப்பட்ட விண்ணகத்துக்குத் தனக்குக் கிடைத்த அனுமதியை வணக்கத்தோடு திருப்பித் தந்துவிடுகிறேன் என்கிறான்.

இது எங்கோ ருஷ்யாவில் நடந்த வாதம் என்று தருமபுரி மாவட்டத்தில் இருப்பவர் ஒதுக்கிவிட முடியாது. பெண்சிசுக் கொலைக்காக நம் பகுதியின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் அடிபட்டதை மறந்துவிட்டோமா? 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் அது தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. வேண்டாத பெண்குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசு தன் மக்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. இவானின் குறிப்பேட்டில் நம் ஊர்களுக்கும் ஒரு பக்கம் இருந்திருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டி அவன் கேட்டால், மறைக்கல்வி வகுப்பில் கற்ற விடை எதுவும் நம் வாயில் எழாது. நண்பரின் மகளிடம் யாரோ சொன்னது பொய்யன்று. இந்த இடத்தில் விசுவாசம் ஆட்டங்காணும், காண வேண்டும்.

ஆனால் இங்கேதான் வாசகர் பலர் பெருந்தவறு செய்கிறார்கள். இவ்விரு அத்தியாயங்களையும் தனியே பிரித்தெடுத்துப் படித்துவிட்டு, நாவலைப் படித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அவ்விரண்டையும் சிறு நூலாகத் தனியே பதிப்பிப்பதும் உலகெங்கும் உண்டு. அது குற்றச்சாட்டை மட்டும் கேட்டுவிட்டு நீதிமன்றத்தைவிட்டு எழுந்து போவது. தஸ்தயேவ்ஸ்கிக்கே இந்த அச்சம் இருந்தது. இவானின் வாதத்தைத் தாமே இவ்வளவு வலிமையாக எழுதிவிட்டோம், இதற்கான மறுமொழி போதிய பலத்தோடு அமையுமா என்று 1879-இல் ஒரு கடிதத்தில் கலங்கியிருக்கிறார். அந்த மறுமொழி வாதத்துக்கு வாதமாக வராது, மனிதர்களின் வாழ்க்கையாக வரும் என்பதையும் அங்கே தெளிவாக்குகிறார். இவானின் வழக்குக்குச் சில பத்துப் பக்கங்கள் போதுமாயிருந்தன. பதிலுக்கு முழு நாவலும் தேவைப்பட்டது. நூலின் நீளத்துக்குக் காரணம் இதுவே என்று மூன்றாம் வாசிப்பில் உணர்ந்தேன். குற்றம் சாட்ட ஒரு மாலைப்பொழுது போதும். அன்பு செய்வதற்கு நாள் ஆகும்.

அந்தப் பதிலிலிருந்து மூன்று இடங்களை மட்டும் சுட்டுகிறேன்.

முதலாவது, இவான் பேசுவதற்கு வெகு முன்பே வருகிறது. மூன்று வயது நிறையாத மகனைப் பறிகொடுத்த ஏழைத்தாய் ஒருத்தி முதுதுறவி ஸோசிமாவிடம் வருகிறாள். இறந்த பிள்ளையின் பெயர் அலெக்ஸி. அதன் செல்லப்பெயர்தான் அல்யோஷா. பிள்ளை இறைவனிடம் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று துறவி முதலில் ஆறுதல் சொல்கிறார். தன் கணவனும் அதையேதான் சொல்கிறான், ஆனாலும் பிள்ளை தன்னருகே இல்லையே என்கிறாள் தாய். துறவி தம் ஆறுதலை விட்டுவிடுகிறார். ஆறுதல் தேடாதே, அழு. ஒவ்வொரு முறை அழும்போதும் பிள்ளை உன்னை அங்கிருந்து பார்க்கிறான் என்பதை மட்டும் நினை என்கிறார். பிறகு, துயரில் தனியே விடப்பட்ட கணவனிடம் திரும்பிப் போகச் சொல்கிறார். மகனை இழந்த ஆசிரியருக்கு அந்த மடத்தில் கிடைத்த சொற்கள் இப்பகுதியில் இருப்பதாக அவர் மனைவி எழுதியிருக்கிறார். பிள்ளையைப் புதைத்த வீடுகளில் அவசர ஆறுதல் சொல்லும் பழக்கமுள்ள நாம் அனைவரும் இந்தப் பக்கங்களைக் கற்கவேண்டும்.

இரண்டாவது, அந்த ஸோசிமாவின் சாவு. புனிதரின் உடல் அழியாது, அற்புதம் நிகழும் என்று மடமே காத்திருக்கிறது. நிகழ்வது வேறு. ஒரு நாள் முடிவதற்குள் உடல் நாறத் தொடங்குகிறது. கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைக் காண வரிசையில் நிற்கும் நமக்கு இந்த அத்தியாயம் சுருக்கென்று தைக்கும். அல்யோஷா மனமுடைந்து, கெட்டுப்போக வேண்டுமென்றே குருஷென்கா என்னும் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். அவளோ அவன் துயரைக் கேட்டவுடன் அவனிடம் இரக்கம் காட்டுகிறாள். ஒரு வெங்காயக் கதையும் சொல்கிறாள். வாழ்நாளில் ஒருமுறை ஒரு பிச்சைக்காரிக்கு ஒரு வெங்காயம் கொடுத்ததைத் தவிர வேறு நன்மை செய்யாத கிழவியைக் காவல்தூதர் அந்த வெங்காயத்தாளைக் கொண்டே நெருப்புக் கடலிலிருந்து இழுக்கிறார். மற்றவர்களும் அவளைப் பற்றிக்கொண்டு மேலேறப் பார்க்கிறார்கள். இது என் வெங்காயம் என்று அவள் உதைக்கிறாள், தாள் அறுந்துபோகிறது. அன்றிரவு கானாவூர்த் திருமண நற்செய்தி வாசிக்கப்படக் கேட்டபடி அல்யோஷா உறங்குகிறான். எழுந்து வெளியே வந்து மண்ணில் விழுந்து அதை முத்தமிடுகிறான். கேழ்வரகு விதைக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. விதை மண்ணுக்குள் அழிவதை நாறுவதென்று யாரும் சொல்வதில்லை. முகப்பில் நின்ற வசனத்தின் பொருள் இங்கே திறக்கிறது.

மூன்றாவது, மூத்தவன் மீத்யாவின் கனவு. தந்தையைக் கொன்றவன் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, இரவெல்லாம் விசாரிக்கப்பட்டு, களைப்பில் கண்ணயர்கிறான். கனவில் எரிந்துபோன ஒரு கிராமம், வற்றி உலர்ந்த பெண்கள், பால் வற்றிய தாயின் கையில் குளிரில் கதறும் ஒரு குழந்தை. ஏன் அழுகிறது, ஏன் இவர்கள் ஏழைகளாயிருக்கிறார்கள், ஏன் யாரும் பிள்ளைக்குப் பாலூட்டவில்லை என்று வண்டியோட்டியிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறான். தாது வருடத்தில் நம் பாட்டன்மார் கண்டதும் இதே காட்சிதான். விழித்தபோது தலைக்கடியில் யாரோ தலையணை வைத்திருப்பதைக் காண்கிறான்; யாரென்று இறுதிவரை தெரிவதில்லை. அந்தச் சிறு அன்பு அவனை உருக்கிவிடுகிறது. குழந்தையின் கண்ணீரைக் கண்ட இவான் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தான். அதே கண்ணீரைக் கண்ட மீத்யா, தான் செய்யாத கொலைக்கான தண்டனையை அந்தக் குழந்தைக்காகச் சுமக்கிறேன் என்கிறான். யார் சொன்னது சரி என்று ஆசிரியர் தீர்ப்பெழுதவில்லை. மீத்யாவும் பின்னர் தடுமாறுகிறான். ஆனால் இருவரையும் அருகருகே வைத்துவிட்டார்.

இவற்றையெல்லாம்விட இம்முறை என்னை உறங்கவிடாமல் செய்தவன் வேறொருவன். ஸ்மெர்த்யாகவ். அந்த வீட்டுச் சமையற்காரன். கிழவன் ஃபியோதர் கரமாஸவுக்குத் தெருவில் திரிந்த ஓர் அபலையிடம் பிறந்தவன் என்று ஊரே நம்புகிறது. யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவன் பெயரிலேயே நாற்றம் என்னும் பொருள் ஒட்டியிருக்கிறது. அவன் சமைத்ததை எல்லாரும் உண்கிறார்கள். அவனை யாரும் சகோதரன் என்று அழைப்பதில்லை. இவான் அவனை வெறுக்கிறான். மீத்யா அவனை ஏசுகிறான். கண்ணில் பட்டவரையெல்லாம் அன்பு செய்யும் அல்யோஷாகூட அவனிடம் அண்ணன் தம்பியாக ஒரு வார்த்தை பேசுவதாக நான் தேடிய பக்கங்களில் இல்லை. கொலை செய்தவன் அவனே. விசாரணைக்கு முந்திய நாள் தூக்கில் தொங்கியும் போகிறான். நூலின் தலைப்போ ‘சகோதரர்கள்’ என்கிறது. மூவரா, நால்வரா? முதல் இரு வாசிப்பிலும் நான் மூவரென்றே எண்ணிவிட்டேன்.

எண்ணிக்கையில் நான் செய்த அந்தப் பிழை நம் சபைகளில் நெடுநாளாக நடக்கிற பிழைதான். திருப்பலியின் தொடக்கத்தில் சகோதர சகோதரிகளே என்கிறோம். அதே கோவிலில் ஒரு காலத்தில் இருக்கைகள் பிரிந்திருந்தன. சில ஊர்களில் கல்லறையையும் சாதி பிரித்தது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் இந்தப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒருவன் எல்லாருக்காகவும் எல்லாவற்றுக்காகவும் பொறுப்பாளி என்பது ஸோசிமாவின் போதனை. அல்யோஷா அதைக் கேட்டான், எழுதியும் வைத்தான். வீட்டுச் சமையலறையில் மட்டும் அதைப் பயன்படுத்த மறந்தான். இந்த மறதியை ஆசிரியர் எங்கும் சுட்டிக்காட்டிக் கண்டிப்பதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் உடன் நடந்த வாசகர், தாமும் அவனை மறந்திருப்பதை உணர்ந்து வெட்கப்பட வேண்டும். சுருக்கப் பதிப்பிலோ கதைச்சுருக்கத்திலோ அந்த வெட்கம் வராது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றப் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. பெண்பாத்திரங்கள் அடிக்கடி கூச்சலிட்டு மயங்கி விழுகிறார்கள். போலந்துக்காரரை ஆசிரியர் கேலிப்பொருளாக்குகிறார். யூதரைப் பற்றிய கொடிய பழிச்சொல் ஒன்றைச் சிறுமி ஒருத்தி எழுப்பும்போது அல்யோஷா அதை மறுக்காமல் தெரியாது என்கிறான். அது அவன் வாயில் வரக்கூடாத சொல். அது ஆசிரியரின் சொந்தக் கறை. எல்லாருக்கும் பொறுப்பேற்கச் சொன்னவரின் நெஞ்சிலும் சிலருக்கு இடமில்லாமற்போயிற்று. அதை அறிந்தே படிக்கவேண்டும்.

தமிழில் இன்று தஸ்தயேவ்ஸ்கி எட்டாக் கனியல்ல. ம. அ. சுசீலா அவர்கள் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ ஆகியவற்றைத் தந்திருக்கிறார். மதுரை பாத்திமாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் பயிற்றுவித்தவர் என்பது நமக்குப் பெருமை. டால்ஸ்டாயின் பெருநாவலை ‘போரும் வாழ்வும்’ என்று டி. எஸ். சொக்கலிங்கம் முன்னரே பெயர்த்திருக்கிறார். புவியரசு அவர்களின் ‘கரமாஸவ் சகோதரர்கள்’ இவ்வரிசையில் வருவது.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், முதன்முதலில் வெளிவந்தபடியே படியுங்கள் என்பேன். மாத இதழ் வாசகர்கள் இரண்டு ஆண்டு காத்திருந்து படித்த நூல் இது. முடிவுரை நீங்கலாகப் பன்னிரண்டு பாகங்கள். மாதம் ஒரு பாகமென்றால் ஓராண்டு. வீட்டில் இருவர் படிப்பதானால் இன்னும் நல்லது. இவானின் பகுதி வரும் மாதத்தில் தனியே இருக்கவேண்டாம். அடுத்த பாகத்தையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். இவற்றில் பாதியைச் சொல்வதற்குள் மகள் இடைமறித்து, “அந்தத் தலையணை வைத்தது யாரென்று கடைசி வரைக்கும் தெரியாதா ஐயா?” என்றார். காத்திருக்கப் பொறுமையின்றி அவர் தொடங்கிவிட்டது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நம்பிக்கை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். முன்பு செபமாலையை வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாராம். இப்போது ஒவ்வொரு மணியிலும் யாராவது ஒருவரின் முகம் வந்து நிறுத்திவிடுகிறதாம்.

தந்தை என்னைப் பார்த்தார். “அப்படியானால் எனக்கும் ஒரு பிரதி வேண்டுமே” என்றார். ஒன்றே போதும், மாதம் ஒரு பாகம், மகள் முடித்ததும் நீங்கள் என்றேன். மகள் புத்தகத்தின் நடுவே தென்னங்கீற்றுக் குருத்து ஒன்றை அடையாளமாக வைத்துத் தந்தையிடம் நீட்டினார். குருத்தோலை ஞாயிறன்று கோவிலிலிருந்து கொண்டுவந்தது அது.